முதுகைக் காட்டினால் வருவான்

கடவுள் துணை
ஜூன் 4

அன்புத் தங்கச்சிக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மகன் வீடு மூன்றாவது மாடி. இடுப்பொடிந்த உன் அத்தானை ஏற்றுவதே பெரும்பாடு; இதில் கழுதையை எங்கே கட்டுவது? அதனால்தான் துரையை உங்களிடம் விட்டேன்.

மாப்பிள்ளையிடம் சொல். துரையைக் கயிற்றைப் பிடித்து இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொள்வான். அடித்தால் ஒரு வாரம் முகம் கொடுக்கமாட்டான்; உன் அத்தானை விட ரோஷக்காரன். சூளையில் செங்கல்லை இரண்டு பக்கமும் எண்ணி ஏற்றுங்கள். ஒன்று கூடினாலும் சாய்த்துக் கொட்டிவிடுவான்.

முரண்டு பிடித்தால் ஒரே வழிதான். "சரிடா, நான் போறேன்" என்று சொல்லி முதுகைக் காட்டி நட. திரும்பிப் பார்க்காதே. பத்தாவது அடியில் உன் தோளில் மூச்சு விடுவான். ஏழு வருஷத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

பிரார்த்தனையில் அவன் பேரையும் சேர்த்துச் சொல்கிறேன். சிரிக்காதே.

உன் அக்கா

ஜூன் 11

அன்பு அக்காவுக்கு,

நீ எழுதியபடியே இவர் முதுகைக் காட்டி சூளை வாசல்வரை நடந்தார். திரும்பினால், துரை அசையவே இல்லை. பஸ் நிறுத்தத்தையே பார்த்து நிற்கிறான். "உங்க அக்கா கழுதையத் தரல, தூணைத் தந்திருக்கா" என்கிறார். சூளை ஆட்கள் இவரைப் பார்த்து, "மாப்ள, இன்னும் கொஞ்சம் நடங்க, வருவாரு" என்று ஒரே கேலி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. தீனியை முகர்வதோடு சரி. கட்டிப்போட்டால் கயிற்றை இழுத்து இழுத்துக் கழுத்தெல்லாம் புண்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நீ கிளம்பிய அன்று நான் உள்ளே வேலையாக இருந்தேன். அவனிடம் எப்படிச் சொல்லிக்கொண்டு போனாய்?

உன் தங்கச்சி

கடவுள் துணை
ஜூன் 14

தங்கச்சி,

உன் கேள்வியைப் படித்ததிலிருந்து கைவேலை ஓடவில்லை.

அவன் முன்னால் அழக்கூடாது என்று நினைத்தேன். "சரிடா, நான் போறேன்" என்று சொல்லி முதுகைக் காட்டி நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் கயிறு விறைத்த சத்தம் கேட்டது. பிரிய மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் கூப்பிட்டதாக அல்லவா எடுத்துக்கொண்டிருக்கிறான்! கூப்பிட்டுவிட்டு, கட்டியும் வைத்துவிட்டு வந்த பாவி நான்.

இருபதாம் தேதி வருகிறேன். நாலு நாள் இருந்து மாப்பிள்ளையோடு பழக்கிவிடுகிறேன். கிளம்பும்போது அவன் முகத்தைப் பார்த்தபடியே பின்னுக்கு நடந்து பஸ் ஏறுவேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும்.

அதுவரை புண் ஆறட்டும். கயிற்றைத் தளர்த்திக் கட்டச் சொல்.

அக்கா

ஜூன் 18

அக்கா,

சூளை லாரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி.

நீ சொன்னபடி நேற்று இவர் கயிற்றைத் தளர்த்தினார். புண்ணுக்கு மருந்தும் தன் கையாலேயே போட்டார். விடிந்து பார்த்தால் முளையும் வெறும் கயிறும்தான்.

உன் பஸ் போன சாலையில், மூன்றாவது மைல்கல் பக்கம் கிடந்தான். ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டது. இவர் கொண்டுவந்து கொல்லையில் புதைத்தார். இந்த மனுஷன் அழுது நான் இன்றுதான் பார்த்தேன்.

உன்மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீ வா அக்கா, வராமல் இருந்துவிடாதே.

இவர் குளம்புத் தடத்தைப் பார்த்துக்கொண்டே போனாராம். மேய்வதற்குக்கூட எங்கேயும் ஒதுங்கவில்லையாம். பத்தடியில் உன்னைப் பிடித்துவிடலாம் என்றுதான் போயிருப்பான்.

உன் தங்கச்சி