காய்ந்த சோளத்துக்குள் ஒரு நாய்

மச்சான்,

மகளின் நாய் ரூஜ் ஆற்றங்கரையில் புரண்டுவிட்டு வந்து என் கால்மாட்டில் படுத்திருக்கிறது. வீடு முழுக்க ஈர நாயின் மணம். அந்த மணம் வந்தால் ஒஷாவா நகருக்கு அப்பால் நாம் இருவரும் வேலை செய்த பண்ணையும், இரத்தம் தோய்ந்த உன் ஜக்கெற்றும் கூடவே வந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, நாம் இந்தக் குளிர் நாட்டுக்கு அகதிகளாக வந்த புதிது, இலையுதிர் காலம். பண்ணைக்காரக் கிழவர் இறைச்சிக்காக வளர்த்த காட்டுப்பன்றி ஒன்று வேலியை உடைத்துக்கொண்டு ஓடிவிட்டது. வன்னியில் நாய் விட்டுப் பன்றி பிடித்த கதைகளை நான் ஏற்கனவே அவரிடம் அளந்திருந்தேன். அந்த மனுசன் அதை நம்பித் தன் இரண்டு நாய்களையும் நம்மிடம் தந்துவிட்டார்.

நீ நாய்களைப் பார்க்கவில்லை, நிலத்தைத்தான் பார்த்தாய். இந்தப் பக்கம் அறுவடை முடிந்து வெட்டையாய்க் கிடந்த வயல், நடுவில் ஓடைப் பள்ளம், அந்தப் பக்கம் வெட்டாமல் காய்ந்து நின்ற சோளம்.

"வெட்டையில எண்டால் நாய் பண்டியைச் சுத்தி மறிக்கும். பத்தைக்குள்ள பண்டி நாயைக் கிழிச்சுப்போடும். உது சோளத்துக்குள்ளதான் கிடக்குது. பின்னேரம் தண்ணிக்கு இறங்கும், அதுவரைக்கும் மேட்டில இருப்பம்" என்றாய்.

எனக்கு ஏது பொறுமை? நம்மூர்ச் சோளம் இடைவெளி விட்டு நிற்கும், ஊடே பார்க்கலாம். இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். நீ ஓடையைப் பார்க்கப் போன நேரம் ஒரு நாயின் வாரைக் கழற்றிவிட்டேன். இங்கத்தைச் சோளமோ ஆளுயரத்துக்கு மேல், நெருக்கி நின்றது. காற்றில் தாள்கள் எல்லாம் சலசலத்தன. பன்றி எங்கே அசைகிறது என்று நாய்க்குக் கேட்டிருக்காது, விலகித் துள்ளவும் இடமில்லை. ஒரேயொரு அலறல் கேட்டது.

நீதான் உள்ளே ஓடி, ஜக்கெற்றில் சுற்றி அதைத் தூக்கி வந்தாய். உயிர் தப்பியது, பிறகு கடைசிவரை நொண்டித்தான் நடந்தது. யார் விட்டது என்று கிழவர் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீ உன் நெஞ்சில் கையை வைத்தாய். பின்னேரம் பன்றி நீ சொன்னபடியே ஓடையால் வெட்டைக்கு வந்தது. மற்ற நாய் மறித்து நிற்க, கிழவர் சுட்டார். ஆனாலும் உன் வேலை போய்விட்டது.

"உன்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. உனக்கு அந்தாளின்ர வேலைக் கடிதம் வேணும். எனக்குப் பேப்பர் கிடைச்சிட்டுதுதானே, நீ பேசாமல் இரு" என்றாய் திரும்பி வரும்போது.

நானும் பேசாமல் இருந்தேன். புது வேலை கிடைக்கும்வரை ஊரிலிருந்து மனைவியைக் கூப்பிடும் அலுவலை நீ தள்ளிப் போட்டாய். ஒரு வருடம் பிந்தி அவர் வந்து இறங்கியபோது, "உவன்தான் என்ர பண்டி வேட்டைக் கூட்டாளி" என்று சிரித்தபடி என்னைக் காட்டினாய். என்னை வெட்கம் பிடுங்கித் தின்றது.

உன் செத்தவீட்டில் உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுபவர், என்னிடம் சொன்னார்: "அண்ணை, தான் அவசரப்பட்டு நாயை விட்டதாலதான் நான் வரப் பிந்தினதெண்டு, கடைசிவரைக்கும் இவர் என்னட்ட மன்னிப்புக் கேட்டவர்."

அப்போதும் நான் வாய் திறக்கவில்லை, மச்சான். இன்று இதை எழுதி முடித்ததும் மோர்னிங்சைட்டில் உன் வீட்டுக்குப் போகிறேன். இந்த மடலைத் தங்கச்சியின் கையில் கொடுப்பேன். நாயை விட்டவன் நான்.