மூன்றாவது முறை எழுதிய தேர்வு

ஜகார்த்தா
12 ஜனவரி 2025

அன்பு மாமாவுக்கு,

துர்கா எழுதுவது. நான் நலம். உங்கள் இடுப்பு வலியும் மாமனாரின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது, இனி மெயிலில் எழுதிக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னபோது கோபம்தான் வந்தது. எழுத உட்கார்ந்தால், சண்டையில் சொல்லாமல் விட்டதெல்லாம் ஞாபகம் வருகிறது.

இங்கே வந்து பதினாறு மாதம் ஆகிறது. வேலை என்னவென்று மாமனார் கேட்டதாகச் சொன்னீர்கள். நெட்வொர்க் டெக்னீஷியன்களுக்கான சான்றிதழ்த் தேர்வு, நாம் இருவரும் எழுதினோமே, அதேதான். அதை ஆங்கிலத்திலிருந்து இந்தோனேசிய மொழிக்குக் கொண்டுவருகிறோம். ரத்னா என்ற ஆசிரியை மொழிபெயர்க்கிறார். தொழிலுக்குச் சரியாக வருகிறதா என்று நான் பார்க்கிறேன். 'எரர்' என்பதற்கு அவர்கள் அகராதியில் 'கலாட்' என்று இருக்கிறது. நம் ஊர்க் கலாட்டாவை நினைத்துச் சிரித்தேன். ரத்னாவுக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரியும், ஆனால் நீங்கள் பக்கத்தில் இல்லை.

மார்ச்சில் வேலை முடிந்துவிடும். பங்குனி உத்திரத்துக்கு வந்துவிடுவேன்.

உங்கள்
துர்கா

*

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
26 ஜனவரி 2025

அன்புள்ள துர்கா,

கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தறியை விட்டு எழுந்துவந்து, "என்னாப்பா, நிஜமா பங்குனிக்கு வருதா? டிக்கெட் போட்டுச்சா? போன தீபாவளிக்கும் இப்டிதான் சொல்லிக்கினு இருந்துச்சு" என்றார். வருவாள் என்று சொல்லிவிட்டேன். என் வாக்கைக் காப்பாற்று.

ஏனாத்தூர் கல்லூரியில் புதுக் கட்டடத்துக்கு கேபிள் இழுத்துக்கொண்டிருக்கிறோம். சூப்பர்வைசராக மணிவண்ணன் வந்திருக்கிறான். என்னைவிட ஆறு வயது சின்னவன். சான்றிதழ் வைத்திருக்கிறான். நல்லவன்தான், சந்தேகம் வந்தால் என்னிடம் வந்து கேட்கிறான்.

தேர்வைப் பற்றி எழுதியிருந்தாய். நீ பாஸானாய். நான் இரண்டு தடவையோடு நிறுத்திக்கொண்டேன். அதை விடு.

ஏகாம்பரநாதர் கல்யாணத்தன்று அதே கோயிலில் நமக்கும் கல்யாணமாகி இந்தப் பங்குனியோடு ஏழு வருடம். போன வருடம் நான் மட்டும் போய்விட்டு வந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள், "வீட்ல வர்லியாபா?" என்று கேட்டார். இந்த வருடம் அந்தக் கேள்வி வேண்டாம்.

உன்
சிவபாலன்

*

ஜகார்த்தா
20 மார்ச் 2025

அன்பு மாமாவுக்கு,

இதை எப்படி எழுதுவதென்று மூன்று நாளாகத் தவிக்கிறேன். பங்குனி உத்திரத்துக்கு என்னால் வர முடியாது. ஆகஸ்ட் வரை ஆகும்.

காரணத்தைச் சொல்கிறேன். போன வாரம் நாற்பது பேரை வைத்து ஒத்திகைத் தேர்வு நடத்தினோம். செமாராங் பக்கத்திலிருந்து வாஹ்யு என்பவர் வந்திருந்தார். பதினோரு வருடமாக கேபிள் வேலை. தேர்வுக்கு முன்னால் எங்கள் அறையில் இணைப்பு போய்விட்டது, நான்கே நிமிடத்தில் சரிசெய்துகொடுத்தார். அவர்தான் தேர்வில் தோற்றுப்போனார். ஆங்கிலத்தில் ஏற்கெனவே மூன்று முறை தோற்றவர், தன் நாட்டு மொழியிலும் தோற்றார். ஏனென்று கூட உட்கார்ந்து பார்த்தேன். 'கலாட்' என்ற சொல்லைக் கண்டதும் நின்றுவிட்டார். வேலை செய்கிற இடத்தில் அப்படி யாரும் சொல்வதில்லையாம், எல்லோருக்கும் 'எரர்'தானாம். வாக்கியங்களும் ஆங்கிலம் மாதிரியே சுற்றிச் சுற்றிப் போகின்றன. நானும் ரத்னாவும் அவர்களுக்கு இன்னொரு ஆங்கிலத்தைத்தான் செய்து கொடுத்திருக்கிறோம்.

வெளியே நின்று அவர் மனைவிக்குப் போன் பேசினார். இன்றைக்குத் தேர்வு ரத்தாகிவிட்டது என்று சொன்னார். என் காதில் விழுந்தது.

சரியாக இருக்கிறதென்று கையெழுத்துப் போடு, தேர்வு வெளிவரட்டும், பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று மேலிடத்தில் சொன்னார்கள். நான் போடவில்லை. எல்லாக் கேள்விகளையும் முதலிலிருந்து எழுதுகிறோம்.

கோபித்துக்கொள்ளுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

துர்கா

*

காஞ்சிபுரம்
12 ஏப்ரல் 2025

துர்கா,

நேற்று உத்திரம். கோயிலுக்குப் போகவில்லை. அப்பாவிடம் தலைவலி என்றேன்.

எவனோ ஒருவனுக்குக் கேள்வி புரியவில்லை என்று நீ இன்னும் நான்கு மாதம் அங்கே உட்காரப்போகிறாய். எனக்காக யார் உட்கார்ந்தார்கள்?

கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

சிவபாலன்

*

காஞ்சிபுரம்
8 ஜூன் 2025

அன்புள்ள துர்கா,

எழுத வேண்டாம் என்றதும் நீ உண்மையிலேயே எழுதாமல் இருந்துவிட்டாய். தினமும் மெயிலைத் திறந்து பார்த்தேன்.

மார்ச்சில் நீ எழுதியதை அன்று நான் முழுக்கப் படிக்கவில்லை. வாஹ்யு 'கலாட்' என்ற சொல்லில் நின்றுவிட்டார் என்ற வரியோடு மூடிவிட்டேன். நேற்றுதான் கடைசிவரை படித்தேன். வாஹ்யு மனைவியிடம் சொன்ன பொய்யைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இரண்டு தடவையோடு நிறுத்தவில்லை. மூன்றாவது முறையும் எழுதினேன். உனக்கு ஜகார்த்தா வேலை உறுதியான வாரம் அது. கல்லூரியில் சர்வர் படுத்துவிட்டது, தேர்வுக்குப் போகவில்லை என்று உன்னிடம் சொன்னேன். போயிருந்தேன், துர்கா. வேலையெல்லாம் தெரிந்த வேலைதான். கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விட்டது. முடித்ததுமே எதிரே திரையில் ஃபெயில் என்று ரிசல்ட் வந்தது. வழக்கமாக வீடு திரும்பும் நேரம்வரை பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். நீ பாயசம் வைத்திருந்தாய்.

அதற்குப் பிறகு போனில் உன் வேலையைப் பற்றி நீ எப்போது பேசினாலும் எனக்குச் சண்டைதான் வந்தது.

அந்த மனிதருக்குப் புரிகிறவரை கையெழுத்துப் போடாதே. ஆகஸ்ட் ஆனாலும் பரவாயில்லை. எனக்கு நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

உன்
சிவபாலன்

*

ஜகார்த்தா
31 ஆகஸ்ட் 2025

அன்பு மாமாவுக்கு,

உங்கள் ஜூன் கடிதத்துக்கு வேலை முடிந்த பிறகுதான் பதில் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். இடையில் எழுதிய நாலு வரிக் கடிதங்களை மன்னியுங்கள்.

தேர்வு வெளிவந்துவிட்டது. வாஹ்யு எழுதினார், பாஸானார். கேள்விகள் சுலபமாகிவிட்டனவா என்று கேட்டேன். இல்லை, கஷ்டம்தான், ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தது என்றார். அடுத்த மொழிக்கும் என்னையே இருக்கச் சொல்கிறார்கள். முதலில் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மாமா, நீங்கள் மூன்றாவது முறை எழுதியது எனக்குத் தெரியும். மறுநாள் துவைக்கச் சட்டையை எடுத்தபோது பையில் தேர்வு மையம் கொடுத்த ரிசல்ட் சீட்டு இருந்தது. எடுத்துக் கிழித்துப் போட்டேன். கேட்டால் உங்களுக்கு அவமானமாக இருக்கும், அதனால்தான் கேட்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. கேட்டிருந்தால் உங்களை அந்த நிலையில் விட்டுவிட்டு என்னால் விமானம் ஏறியிருக்க முடியாது.

சனிக்கிழமை காலை வந்துவிடுவேன். வந்ததும் அன்றைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பேன். எவ்வளவு நேரமானாலும் சொல்லுங்கள், மாமா.

துர்கா