சிவப்புப் பென்சிலில் எழுதிய வரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். சுவரென்றால் நூல் கட்டி நேராகக் கொண்டுபோய்விடுவேன், காகிதத்தில் எங்கே நூல் கட்டுவது என்று தெரியவில்லை, எழுத்துகள் மேலே ஏறிக் கீழே இறங்கிப் போகின்றன. இதை எழுத ஐந்து நாள் ஆயிற்று. ஆனால் முழுக்க என் கையால் எழுதியது, யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. நாங்கள் இருவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாய்க்குத்தான் ஒரு வலியும் இல்லை. அந்த மலைக் குளிரில் நீ எப்படி இருக்கிறாயோ, வேளைக்குச் சாப்பிடுகிறாயோ என்பதுதான் எங்கள் கவலை.

பக்கத்துத் தெருவில் தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற அம்மாள் பெரியவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். ஏழு மாதமாகப் போகிறேன். போனில் வேண்டுமென்றே சொல்லவில்லை, கடிதத்தைப் பார்த்து நீ வாயைப் பிளக்க வேண்டும் என்று ஆசை. முதல் நாள் அம்மா, சாருக்குச் சோறு கட்டித் தரட்டுமா, வழியில பசிக்குமேன்னு கேலி செய்தாள். இப்போது மருந்துச் சீட்டு வந்தால் என் கையில்தான் கொடுக்கிறாள். போன புதன்கிழமை பஸ் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. பரவாயில்லை, சரியாகத்தான் படித்தேன், அது என் பஸ்தான். அப்படி ஒரு சந்தோஷம் மகளே எனக்கு. கடைப் பலகை, சிமெண்ட் மூட்டை, சோப்பு உறை எதையும் விடுவதில்லை.

அப்படித்தான் அதையும் படித்தேன். என் கரணையையும் தூக்குக்குண்டையும் சுற்றி வைத்திருந்த பழைய தாள் உனக்கு நினைவிருக்கும், தங்கக் கல் அரைக்கிற நம் ஊர் மில்லுக்கு இன்ஜினியராக நீ போட்ட வரைபடம். மகள் போட்ட படம் என்று பெருமைக்காக வைத்திருந்தேன். எண்ணெய்க் கறை பட்ட அந்தத் தாளை விரித்தபோது சுவருக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலில் உன் கையெழுத்து. எழுத்துக் கூட்டிப் படித்தேன். டிரம் உள்ளே போகும் வரை இந்தச் சுவரைக் கட்டக் கூடாது. மூன்று தடவை படித்தேன், மூன்று தடவையும் அதுதான் எழுதியிருந்தது.

நீ எழுதியிருக்கிறாய். அன்று வேலை இடத்தில் பத்துப் பேர் நிற்கும்போது அந்த வரியில் விரலை வைத்து, அப்பா இதைப் பாத்துக்கங்கன்னு சொன்னாய். நான், எல்லாம் தெரியும் போன்னு சொன்னேன். படித்துக் காட்டினால் ஆட்கள் முன்னால் என் மானம் போகும் என்று நீ படித்துக் காட்டவில்லை. கோடு போட்ட இடத்தில் சுவர் என்று நாற்பது வருடம் ஓட்டியவன், அதையும் அப்படியே கட்டினேன். லீவில் போயிருந்த சூப்பர்வைசர் திரும்பி வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று நான்கே நாளில் கட்டினேன். கல்லை மாவாக அரைக்கிற அத்தனை பெரிய டிரம் லாரியில் வந்து இறங்கி, உள்ளே போக வழியில்லாமல் மழையில் கிடந்தது. சுவரை இடித்தார்கள், பக்கத்துத் தூணும் விரிசல் விட்டது, மில் ஓட மூன்று மாதம் தள்ளிப்போனது. நீ எல்லாரிடமும், குறிப்பு எழுத நான் மறந்துட்டேன், கொத்தனார் மேல தப்பில்லைன்னு சொன்னாய். நீ விரல் வைத்த வரி வேறு ஏதோ என்று நானும் நம்பினேன். நம்பியதோடு விட்டேனா, படிச்ச பிள்ளை இப்படியா மறக்கும்னு வீட்டில் உன்னை வைதேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாய். அடுத்த மாதம் அந்தத் தப்புக்காக உன்னை அந்த மலைக்கு மாற்றி அனுப்பிவிட்டார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு மில் ஆபீசுக்குப் போனேன். உன் நாற்காலியில் இப்போது இருக்கிற இன்ஜினியர் நல்ல மனுஷன், உட்கார வைத்து டீ கொடுத்தார். வாசிக்கத் தெரியாமல் கட்டியவன் நான்தான் என்று ஆபீசே கேட்கிற மாதிரிச் சொன்னேன். அவர், பெரியவரே, உங்க மகளே எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டாங்க, ஃபைல் மூடி ரெண்டு வருஷம் ஆச்சு, இப்ப நான் என்ன செய்யட்டும்னு கேட்டு அந்தக் காகிதத்தைக் காட்டினார். என் கவனக்குறைவே காரணம் என்று இருந்தது, அதையும் நானே படித்தேன். மானத்தைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன், அதை வாங்கிக்கொள்ளக்கூட அங்கே ஆளில்லை. திரும்பி வந்துவிட்டேன். மில் பாட்டுக்கு ஓடுகிறது, தங்கமும் வெள்ளியும் எடுக்கிறார்கள், டிரம் சுற்றும் சத்தத்தில் நம் சமையலறைப் பாத்திரங்கள் பகலெல்லாம் அதிர்கின்றன. அம்மா அலமாரிக் கதவைச் சாத்தி வைக்கிறாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இடித்துக் கட்டக் கூடிய வேலையாக இருந்தால் இந்நேரம் கட்டியிருப்பேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அங்கே நீ புதிதாகப் போடும் மில்லிலும் என்னை மாதிரி ஒருவன் இருப்பான். படத்தைக் கொடுத்ததும் வேகமாகத் தலையாட்டுவான். அவனுக்குப் படித்துக் காட்டு. பத்துப் பேர் நின்றாலும் படித்துக் காட்டு, கோபப்பட்டால் பட்டுக்கொள்ளட்டும். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், நீ எழுதியதற்கு உன்னிடமாவது சாட்சி இருக்கட்டும். இதைப் பற்றிப் போனில் பேசாதே, விடுங்கப்பான்னு சொல்வாய், நானும் விட்டுவிடுவேன். எழுது. நான்கு வரி போதும், பெரிய எழுத்தாக எழுது. படித்துக் காட்ட யாரையும் கூப்பிட மாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், காதை மூடிக் கம்பளி கட்டிக்கொள். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரமும் எழுதுவேன், இனி எனக்கு வேறு வேலை இல்லை.

இப்படிக்கு,
இந்தத் தடவை கைநாட்டு வைக்காத
உன் அப்பா