சாமிக் குளத்தில் ஊற்றிய எண்ணெய்

தம்பி,

நலம் விசாரித்து எழுத இன்று மனமில்லை. சின்னவளுக்கும் குளிர்காய்ச்சல் வந்துவிட்டது. மூத்தவனைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவனைப் புதைத்த இடத்தில் இன்னும் புல்கூட முளைக்கவில்லை.

காய்ச்சலை ஆராய வந்த வெள்ளைக்கார டாக்டர் துரையோடு நீ நம் தீவின் பாம்ப்ளமூஸ் வட்டாரம் முழுக்கச் சுற்றினாய். கரும்புத் தோட்டத்துக் குட்டைகளில் எல்லாம் கொசுப்புழு தேடி மண்ணெண்ணெய் ஊற்றினாய். என் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கோயில் குளத்துக்கு வந்ததும், "அது சாமித் தண்ணி துரை, அதுல புழு வராது" என்றாயாமே. அபிஷேகத்துக்கு மொண்ட குடத்தில் புழு நெளிந்ததை நானே பார்த்தேன். உனக்கு வந்தது பக்தி இல்லை. கோயில் தலைவர் தம் மகளைத் தரமாட்டாரோ என்ற பயம்.

இன்று காலை முருகனைக் கும்பிட்டுவிட்டு, விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் குளத்தில் ஊற்றினேன். அபிஷேகத்துக்கு இனி ஆற்றுத் தண்ணீரை நானே சுமப்பேன்.

தலைவர் ஓடிவந்தார். "எவ செஞ்ச வேலை இது?" என்றார்.

"ஊத்தினது நான். ஊத்த வேண்டியவன் உங்க வருங்கால மருமகன்" என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணம் நின்றால் என்னிடம் அழுதுகொண்டு வராதே. வருவதானால் சின்னவளின் காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையோடு வா.

உன் அக்கா