கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த திறப்பு

சிலாவத்தை,
முல்லைத்தீவு.
14-6-1964

அன்புத் தம்பி ஐயாத்துரைக்கு,

மாதாவின் புண்ணியத்தில் நானும் புனிதமும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை பிடித்துச் சுகமாக இருக்கிறோம். நீரும் உம்முடைய மனைவி தங்கச்சி அன்னபாக்கியமும் உங்கள் பிள்ளை அருந்ததியும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுகம் விசாரித்து முடிந்தது. இனிக் கோபம்.

வற்றாப்பளை அம்மாள் கோவில் பொங்கலுக்கு வந்தீராம். எங்கள் ஊர்ப் பேதுரு உம்மைக் கண்டானாம். மணலில் பாய் விரித்துக் குடும்பத்தோடு இருந்தீராம், கச்சான் கடலையும் வாங்கினீராம். அங்கிருந்து என் வீடு எவ்வளவு தூரம் காணும்? புனிதம் புதுச் சட்டி வாங்கி, கறிக்கு மீன் வாடை படக்கூடாது என்று அடுப்பைக்கூட மெழுகிச் சமைத்து வைத்திருந்தா. "விரதக்காரர் வருவினம் எண்டு பாத்தன், கடைசியில நீங்கள்தான் மூண்டு நாளும் மரக்கறி தின்னவேணும்" என்று என்னைத்தான் ஏசினா. உம்மால் நான் பூசணிக்காய் தின்றேன். இதை மறக்கமாட்டேன்.

போகட்டும். ஒரு புதினம், கேளும். எங்கள் கோட்டைச் சிறையை, அந்தப் பழைய மறியலை மூடி, அதை நூதனசாலை ஆக்கிவிட்டார்களாம்! என்னோடு காவல் நின்ற ஒருவன் எழுதியிருக்கிறான். சனங்கள் டிக்கற் வாங்கிப் பார்க்கிறார்களாம். நீர் அரசாங்கச் செலவில் ஏழு வருஷம் இருந்த இடத்தைக் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள், பாரும்!

எனக்கு ஒருக்காப் போய்ப் பார்க்க ஆசை. உம்மோடுதான் போகவேணும். வேலிச் சண்டையில் சொந்தக்காரன் கையை வெட்டிப்போட்டு நீர் வந்து சேர்ந்த நாளில், அந்தச் சிங்கள ஊர்க் கோட்டைக்குள் தமிழில் கதைக்க உமக்கு நானும் எனக்கு நீரும்தான் இருந்தோம். வன்னியில் காடு வெட்டிக் காணி கொடுக்கிறார்கள் என்று கம்பிக்கு வெளியே நின்று நான் சொன்னேன். இன்று நீர் கண்டாவளையில் வயல்காரன். அந்த வயல் அரிசியில் ஒரு வாய் சோறு, உம்முடைய வீட்டில் இருந்து தின்னவேணும். எனக்கு வேறு ஆசை இல்லை. வா அண்ணை என்று ஒரு சொல் எழுத ஏன் உமக்குக் கை வருவதில்லை?

இறால் கருவாடு அனுப்பியிருக்கிறேன். கோபம் வேறு, கருவாடு வேறு.

உம்முடைய,
சூ. யாக்கோப்பு

•

கண்டாவளை,
பரந்தன்.
1-7-1964

மதிப்புக்குரிய யாக்கோப்பு அண்ணைக்கு,

அம்மாளின் காவலில் எல்லோரும் நலம். பயிர் மட்டும் நலமில்லை. குளத்துத் தண்ணீரை முறை வைத்து விடுகிறார்கள். எங்கள் முறை வரும்போது வாய்க்காலில் தவளைதான் வருகிறது.

கருவாடு கிடைத்தது. புனிதம் அக்காவுக்கு எங்கள் அன்பைச் சொல்லுங்கள். அந்தப் பூசணிக்காய்க்கு நான் பொறுப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

உங்கள் கோபத்தில் பிழை இல்லை, அண்ணை. ஆனால் வீட்டுக்கு வாருங்கள் என்று எழுத எனக்கு இப்போது வழி இல்லை. காரணத்தைக் கேட்காதீர்கள். என்னை நன்றி கெட்டவன் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதைத் தாங்கமாட்டேன்.

மறியலுக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள். வீட்டுக்கு அழைக்க முடியாதவன் மறியலுக்கு அழைத்தால் வருகிறானாம்! சிறுபோக நெல் வெட்டிச் சூடு அடித்த பிறகு, ஆவணிக் கடைசியில் போவோம். நான் பரந்தனில் ரயில் ஏறுகிறேன், நீங்கள் மாங்குளத்தில் ஏறுங்கள். யன்னலால் தலையை நீட்டிக்கொண்டிருப்பேன்.

விடுதலையான நாள் பெரிய வாசலில் நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? "போயிட்டு வாறன் எண்டு இந்த இடத்தில சொல்லப்படாது. திரும்பிப் பாராமல் நட!" நான் ஒரு சொல்லும் சொல்லாமல் நடந்தேன். இப்போது நீங்களே திரும்பி வரச் சொல்கிறீர்கள்.

இன்னொன்று. என் அறையிலிருந்து ஒரு தென்னை தெரியும் என்று சொன்னேன், நீங்கள் பொய் என்றீர்கள். கதவுக்குப் பின்னால் உள்ள மூலையில் குந்தி, கதவையும் சாத்தினால்தான் அது தெரியும். அந்த மரம் இன்னும் நின்றால் வெற்றி எனக்கு.

அன்புள்ள தம்பி,
வே. ஐயாத்துரை

•

சிலாவத்தை,
20-9-1964

அன்புத் தம்பிக்கு,

வந்து சேர்ந்தேன். முழங்கால் இரண்டும் என்னோடு கோபம், மற்றபடி சுகம்.

முப்பது வருஷம் நான் திறந்து பூட்டின வாசலில் என்னிடமே டிக்கற் கேட்டார்களே, அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதைவிட அந்தப் பொம்மை! உம்முடைய அறையில் சாந்தால் ஒரு பொம்மை செய்து, காலில் சங்கிலி போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் சங்கிலி எங்கே இருந்தது? அதுவும் நல்ல கொழுத்த பொம்மை. நாங்கள் போட்ட சோற்றுக்கு அந்த உடம்பு வருமோ? நான் சத்தம் போட, நீர் கையைப் பிடித்து இழுத்தீர். இல்லாவிட்டால் அந்த நூதனசாலைப் பொறுப்பாளருக்கு நல்லாய்க் கொடுத்திருப்பேன்.

பிறகு என்னுடைய மடைத்தனம். தென்னையைப் பார்க்கிறேன் என்று மூலையில் குந்தி, நானே கதவை இழுத்துச் சாத்தினேன். சாத்தினால் தானாகப் பூட்டும் கதவு! திறப்புச் சாவி கையில் இல்லாமல் உள்ளே கால் வைக்காதே என்று புதிதாக வந்த காவல்காரருக்கெல்லாம் படிப்பித்தவன் நான். திறப்போ கீழே கண்ணாடிப் பெட்டிக்குள், சிவப்புத் துணியில், அரசகுமாரி மாதிரிப் படுத்திருக்கிறது. அந்தப் பெட்டியின் திறப்பு, பொறுப்பாளரின் மடியில். பொறுப்பாளர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். நீர் வெளியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர். நானும் சிரித்தேன்.

தென்னை நிற்கிறது. ஓலை நுனி மட்டும் தெரிந்தது. நீர் வென்றீர்.

நீர் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, தம்பி. அந்தக் கதவுக்கு உள்பக்கம் பிடி இல்லை. இவ்வளவு காலம் வெளியில் நின்று பூட்டினவனுக்கு, உள்பக்கம் பிடி இல்லை என்பது தெரியாது! கையால் தடவித் தடவிப் பார்த்தேன். மொட்டைப் பலகை. கொஞ்ச நேரத்தில் பயம் வந்துவிட்டது. பொம்மையோடு கதைக்கத் தொடங்கினேன். புனிதத்துக்குச் சொல்லிவிடாதேயும்.

போகும்போது நீர், "அண்ணை, போயிட்டு வாறன்" என்று சொன்னீர். அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். சொன்னவன் வருவான், வருவான் என்று.

வந்தீர். ஆனால் பொறுப்பாளர் வீடு கோட்டைக்குப் பின்னாலேதானே, ஏன் அவ்வளவு நேரம்? வந்த முகமும் நல்ல முகம் இல்லை. ரயிலில் ஒரு கதையும் இல்லை. மாங்குளத்தில் நான் இறங்கும்போது "சரி" என்று மட்டும் சொன்னீர். என்ன நடந்தது? என்னில் பிழை இருந்தால் ஏசும். பேசாமல் மட்டும் இருக்காதேயும்.

உம்முடைய,
சூ. யாக்கோப்பு

•

கண்டாவளை,
2-10-1964

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை வாய்க்கால் வரம்பில் இருந்து வாசித்தேன். இனி ஒளித்துப் பிரயோசனம் இல்லை.

பொறுப்பாளரை உடனே கண்டுவிட்டேன். சோற்றில் கை வைத்திருந்தார், சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னார். அதை உங்களிடம் ஓடி வந்து சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பெரிய வாசலால் வெளியே போய், தெருவுக்கு அப்பால் நிற்கும் ஆலமரத்தின் கீழ் இருந்தேன். பொறுப்பாளர் திரும்பி வந்து, எந்த அறை என்று கேட்க என்னைத் தேடினார். கண்டும் நான் எழும்பவில்லை.

அந்த மரத்தின் கீழ் அன்னபாக்கியம் ஒருநாள் முழுக்க இருந்தவா, அண்ணை.

நான் உள்ளே வந்த அடுத்த வருஷம். அருந்ததி கைக்குழந்தை. நான் பார்க்காமல் பிறந்த பிள்ளை. அதைக் காட்டுவதற்காக அன்னபாக்கியம் யாழ்ப்பாணத்திலிருந்து தனியே ரயில் ஏறி வந்தா. ஆட்களைப் பார்க்க விடுகிற நாள் ஞாயிறு. ரயில் பிந்தி, பஸ்ஸைத் தவறவிட்டு, அவா வந்து சேர்ந்தது திங்கட்கிழமை. வாசலில் நின்றவர் தமிழில் கதைத்ததும் அவாவுக்குப் போன உயிர் வந்ததாம். "இண்டைக்கு நாள் இல்லை. சட்டம் சட்டம்தான், போ பிள்ளை" என்று அவர் சின்னக் கதவைச் சாத்தினாராம். ஆள் மாறுவார் என்று பொழுதுபடும் வரை மரத்தடியில் இருந்து பார்த்தா. இடையில் ஒருக்கா எழும்பிப் போய், "நான் வரேல்லை, பிள்ளையை மட்டும் கொண்டுபோய்க் காட்டிப்போட்டுத் தாங்கோ" என்றும் கேட்டாவாம். கதவு திறக்கவில்லை. இன்னொருமுறை அவ்வளவு தூரம் வர அவாவிடம் காசும் இல்லை.

அது நீங்கள், அண்ணை. வெளியே வந்து, உங்கள் பேரையும் முகத்தையும் நான் புகழ்ந்து சொன்ன நாளில்தான் அவா இதைச் சொன்னா. அந்தத் திங்கட்கிழமை பின்னேரமும் நீங்கள் என் கதவடிக்கு வந்து, சுருட்டு நீட்டி, முல்லைத்தீவுக் கடல் கதை சொல்லியிருப்பீர்கள். நானும் சிரித்திருப்பேன். அதை நினைத்தால்தான் எனக்கு நெஞ்சு எரிகிறது. என் பிள்ளையை நான் முதல் கண்டபோது அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள்.

அன்னபாக்கியம் என்னைத் தடுக்கவில்லை. "அவர் உங்களுக்குச் சிநேகிதர், கடிதம் எழுதுங்கோ. எங்கட வேலிப் படலைக்குள்ள மட்டும் அவர் வரப்படாது. நானும் அவரின்ர வாசல் மிதிக்கமாட்டன்" என்றா. உங்கள் கருவாடு ஒருமுறையும் எங்கள் குசினி அடுப்படிக்குப் போனதில்லை. படலையடியிலேயே பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். நல்ல கருவாடு என்று அவர்கள் சொல்லித்தான் உங்களுக்கு எழுதுவேன்.

இன்னும் கொஞ்சம் இருக்கட்டும், அவருக்கும் விளங்கட்டும் என்று ஆலமரத்தடியில் நினைத்தேன். பிறகு, போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. எழும்பி வந்தேன். உங்கள் முகத்தைக் கண்டதும் இரண்டு பக்கமும் வெட்கமாகப் போய்விட்டது.

உங்களில் எனக்குள்ள அன்பு குறையவில்லை. அதுதான் கரைச்சல்.

அன்புள்ள தம்பி,
ஐயாத்துரை

•

சிலாவத்தை,
12-10-1964

தம்பி,

எனக்கு ஞாபகம் இல்லை. நானும் இருந்து இருந்து யோசிக்கிறேன். கைக்குழந்தையோடு எத்தனை பேர் அந்த வாசலுக்கு வந்து அழுதார்கள், ஒரு முகமும் வருகுதில்லை. தங்கச்சிக்கு என் முகம் இவ்வளவு காலம் மறக்கவில்லை, எனக்கு அவாவின் முகம் அன்றைக்கே மறந்துவிட்டது. இதை எழுதவே கை கூசுகிறது.

உம்முடைய கடிதத்தைப் புனிதத்துக்கு வாசித்தேன். சட்டம் அப்படி என்று சொல்ல வாய் எடுத்தேன். அவா என்னைப் பார்த்து, "பிள்ளையை எண்டாலும் வாங்கியிருக்கலாம்" என்றா. பிள்ளையை வாங்கிக்கொண்டு போய், நாலு கதவு தாண்டி, உமக்குக் காட்டிவிட்டு வந்திருக்கலாம். ஆர் கேட்கப்போகிறான்? நான் யோசிக்கவில்லை, தம்பி. அதுதான் உண்மை. கதவுக்கு வெளியே நின்றே காலம் போய்விட்டது.

உம்மைத் தூது விட்டுத் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். அது நான் முன்னால் நின்று கேட்கவேண்டியது. அவா விடாவிட்டால் அவாவில் நியாயம் இருக்கிறது. வா என்று எழுதும்படி இனி உம்மைக் கரைச்சல்படுத்தமாட்டேன். ஆலமரத்தடியில் இருந்து எழும்பி வந்து என்னைத் திறந்துவிட்டீர், எனக்கு அது போதும்.

பழக்கத்தில் புனிதம் கருவாடு கட்டிவிட்டா. பக்கத்து வீட்டுக்கே கொடும். அங்கேயாவது யாக்கோப்பு நல்லவன் என்று நினைக்கட்டும்.

யாக்கோப்பு

•

கண்டாவளை,
24-10-1964

அன்புள்ள அண்ணைக்கு,

காலபோக விதைப்பு முடிந்தது, மழையும் தொடங்கிவிட்டது. இந்த முறை அம்மாள் கண் பார்ப்பா போலிருக்கிறது.

உங்கள் இரண்டு கடிதங்களையும் அன்னபாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன். அவா அரிசி புடைத்துக்கொண்டிருந்தா, என்னைப் பார்க்கவில்லை. உள்பக்கம் பிடி இல்லை என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் சுளகு நின்றுவிட்டது. "அதைத் திருப்பி வாசியுங்கோ" என்றா. திருப்பி வாசித்தேன்.

"பொம்மையோடயோ கதைச்சவர்?"

"ஓம்."

உதட்டைக் கடித்துப் பார்த்தா, முடியவில்லை, சிரித்துவிட்டா. அருந்ததியும் சிரித்தாள். பிறகு அன்னபாக்கியம் கேட்டா, "எவ்வளவு நேரம் அவரை உள்ளுக்க வைச்சிருந்தனீங்கள்?"

சொன்னேன்.

"காணாது, இன்னும் வைச்சிருக்கலாம்" என்றுவிட்டுப் புடைக்கத் தொடங்கினா.

பிறகு மற்றக் கடிதத்தையும் வாசித்தேன். ஞாபகம் இல்லை என்று எழுதினீர்கள். அதற்கு ஏசுவா என்று நினைத்தேன். "அவர் பொய் சொல்லேல்லை" என்று மட்டும் சொல்லி உள்ளே போய்விட்டா. நேற்று வயலால் வந்து கை கால் கழுவுகிறேன், குசினிக்குள் இருந்து இறால் கருவாட்டு வாசம். அண்ணை, இத்தனை வருஷத்தில் உங்கள் கருவாட்டை நேற்றுத்தான் முதல்முதல் தின்றேன். பக்கத்து வீட்டார் சொன்னது உண்மைதான்.

சாப்பிடும்போது சொன்னா: "உங்கட சிநேகிதரையும் அக்காவையும் வரச்சொல்லி எழுதுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி எழுதட்டோ என்று கேட்டேன்.

"ஞாயிறு வேண்டாம். திங்கட்கிழமை வரட்டும்."

ஆகவே அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை வாருங்கள். வாருங்கள், வாருங்கள், வாருங்கள். இத்தனை காலம் எழுதாததற்கும் சேர்த்து எழுதியிருக்கிறேன். வாய்க்கால் பாலம் தாண்டி வலக்கைப் பக்கம், பச்சைப் படலை. புனிதம் அக்கா வந்ததும் உள்ளே வரலாமாம். உங்களுக்குப் படலை சாத்தியிருக்கும். தட்டவேண்டாம், கூப்பிடவும் வேண்டாம். நான் எழும்பி வரக்கூடாது என்று எனக்கு இப்பவே கட்டளை. அவாதான் வந்து திறப்பா. எவ்வளவு நேரம் செல்லும் என்று கேட்டேன், சொல்லமாட்டாவாம்.

கட்டாயம் குடை கொண்டு வாருங்கள், படலையடியில் மரம் இல்லை. ஆனால் பயப்படாதீர்கள், அண்ணை. உங்களுக்கும் சேர்த்து உலையில் அரிசி போட்டுவிட்டுத்தான் அவா உங்களை நிற்க விடப்போகிறா.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
ஐயாத்துரை, அன்னபாக்கியம், அருந்ததி