எதிரெதிர் ஷோரூம்

மாப்ள,

இன்று காலை எனக்கு ஒரு கறுப்புக் கோட்டு கொடுத்தார்கள். சலவைக் கடையின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்ததுமே அந்த வாசம் வந்துவிட்டது. உன் ஷோரூமில் ஏசியோடு சேர்த்து நாள் முழுக்க ஒரு வாசனையைப் பரப்புவார்களே, எலுமிச்சைப் புல்லும் புதுத் தோலும் கலந்த மாதிரி, அதேதான். வெளுத்த பிறகும் துணியை விட்டுப் போகவில்லை. இதற்கு முன் யார் போட்ட கோட்டு என்று நான் கேட்கவில்லை. தோள்பட்டையில் எனக்குச் சற்று இறுக்கம். பொத்தானைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். டெஸ்ட் டிரைவ் முடித்து இறங்கி, காலரைப் பின்னால் இழுத்துவிட்டபடி, "மதுரையில கோட்டு போடச் சொன்னவன ஒரு மத்தியானம் பஸ் ஸ்டாண்டுல நிக்க வைக்கணும் மாப்ள" என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. அன்றைக்குச் சிரித்தேன். இன்றைக்கு முடியவில்லை.

உன் ஷோரூமை மூடிவிட்டார்கள். இரண்டு கட்டடத்துக்கு வாடகை கட்டுபடியாகவில்லையாம். உன் பக்கத்துக் கார்களை எல்லாம் சாலையைக் கடந்து எங்கள் கட்டடத்துக்குக் கொண்டுவந்து, நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு எழுப்பியிருக்கிறார்கள். ஒரே கூரைதான், ஆனால் வாசல் இரண்டு. இரண்டுக்கும் மேனேஜர் நான். இந்தப் பக்கம் நிற்கும்போது நீலச் சட்டை, அந்தப் பக்கம் போகும்போது அதன் மேல் இந்தக் கோட்டு. முதலாளி கூப்பிட்டுச் சொன்னபோது, என்னைக் கேட்கிறாரா, தகவல் சொல்கிறாரா என்று எனக்குப் புரியவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அப்போது கோச்சடையில் இருந்தது ஒரே ஷோரூம். கம்பெனியின் கார்களுக்கும் ஒரே பெயர்தான். உன் அப்பா எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்கு வந்தவர். அது நமக்குள் ஒரு பேச்சாக வந்ததே இல்லை. நீ முதல் தடவை என் வீட்டுக்கு வந்து, என் அப்பாவின் எதிரிலேயே என்னை மாப்ள என்று கூப்பிட்டபோது, அவர் சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டாய்.

பிறகு கம்பெனி இரண்டாவது பெயரைக் கொண்டுவந்தது. அதைப் புரிய வைக்க நம்மை எல்லாம் ஒரு ஹோட்டல் ஹாலில் உட்கார வைத்து, சென்னையிலிருந்து வந்த அதிகாரி திரையில் படம் போட்டுக் காட்டினார். இடது பக்கம் ஸ்கூட்டரிலிருந்து முதல் காருக்கு மாறும் குடும்பம். வலது பக்கம் லினன் சட்டை போட்ட ஒருவர். ஒரே கம்பெனியின் இரண்டு பெயரும் ஒரே ஆளைத் தேடிப் போனால் வெளியிலிருந்து ஒரு கஸ்டமரும் கூடுதலாக வரமாட்டார், வீட்டுக்குள்ளேயே ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்றார். அதனால் விலையில் ஓர் இடைவெளி வேண்டும், வசதியில் வேண்டும், கடையின் தோற்றத்தில், பேச்சில்கூட வேண்டும். இந்தப் பக்கம் அண்ணே, அக்கா. அந்தப் பக்கம் சார், மேடம். பளபளக்கும் அந்தக் கறுப்பு நிறம் அந்தப் பக்கத்துக்கு மட்டும்.

இன்ஜின் ஒன்றுதானா என்று நீ எழுந்து கேட்டாய். அவர் கோபப்படவில்லை. ஒன்றுதான், அடிச்சட்டமும் ஒன்றுதான், இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவு செய்தால் இரண்டு பேராலுமே வாங்க முடியாத விலைக்குப் போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னார். சரியான பதில்தான். நீயும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாய். திரையில் இரண்டு படங்களுக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே என் காதருகில் குனிந்தாய்.

"எங்க ஊர்ல இதுக்குப் படமெல்லாம் போட்டுக் காட்டல மாப்ள."

சாலைக்கு எதிர்ப்பக்கம் புது ஷோரூம் எழுந்தது. முதலாளி அதே முதலாளி. அதிகமாக விற்பவன் நீ என்பதால் உன்னை அங்கே அனுப்பினார்கள். உனக்குக் கோட்டு, எனக்கு நீலச் சட்டை. உன் அம்மா கோட்டோடு உன்னைப் பார்த்துவிட்டுத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனதாகச் சொன்னாய். மத்தியானம் பெட்ரோல் பங்க் பக்கத்து டீக்கடையில்தான் நாம் சந்தித்துக்கொள்ள முடிந்தது. கஸ்டமர் கண்ணில் படும்படி இரண்டு ஷோரூம்காரர்களும் சேர்ந்து நிற்கக் கூடாது என்று உத்தரவு.

அப்புறம்தான் அந்தச் சென்னை அதிகாரி பயந்தது நடந்தது. எங்கள் பக்கத்துக்கு வந்த புதுக் காரில் பெரிய திரை, பின்சீட்டுக்கு ஏசி, பக்கவாட்டில் காற்றுப்பை என்று எல்லாம் இருந்தது. உன் பக்கம் நின்ற காருக்கும் அதற்கும் பெயரில்தான் பெரிய வித்தியாசம். ஜனங்கள் முட்டாள்களா? உன் கடைக்கு வந்து காபி குடித்துவிட்டு, சாலையைக் கடந்து என்னிடம் புக் பண்ணினார்கள். நீ என்னைப் பார்த்துக் கும்பிட்டுக் காட்டுவாய். கம்பெனி சும்மா இருக்கவில்லை. எங்கள் காரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தது. திரை சிறியதானது, பின் ஏசி போனது, கடைசியில் பக்கவாட்டுக் காற்றுப்பையும் போனது. மேலே உள்ளதைக் கீழே உள்ளது தின்னாமல் இருக்க அதுதான் வழியாம். போதாததற்குக் கம்ப்யூட்டரில் ஒரு பூட்டு. ஒரு கஸ்டமரின் போன் நம்பர் எந்தக் கடையில் முதலில் பதிவாகிறதோ, அவர் அந்தக் கடைக்குத்தான். எதிர்க்கடை அவருக்கு விலைகூடச் சொல்ல முடியாது.

பேச்சியம்மாள் அக்கா வந்தது அந்தச் சமயத்தில்தான். பரவை மார்க்கெட்டில் தக்காளி மொத்த வியாபாரம் செய்பவர். லோடு இறக்கிவிட்டு அப்படியே ரப்பர் செருப்போடு, சேலையில் தக்காளிக் கறையோடு, புருசனையும் கூட்டிக்கொண்டு முதலில் உன் ஷோரூம் வாசலுக்குத்தான் போயிருக்கிறார். நீ அன்று டெலிவரி ஒன்றுக்காக வெளியே போயிருந்தாய். கதவருகில் நின்ற செக்யூரிட்டி மரியாதையாகவே, "உங்களுக்கு எதிர்த்த கடைம்மா" என்று சாலையைக் காட்டியிருக்கிறார். இருவரும் கடந்து வந்தார்கள். எங்கள் ரிசப்ஷனில் தண்ணீர் கொடுத்து, போன் நம்பரை வாங்கிப் பதிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

எங்கள் காரைக் காட்டினேன். சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. திண்டுக்கல் ரோட்டில் தன் தம்பியின் காரை ஒரு லாரி பக்கவாட்டில் இடித்ததைச் சொன்னார். தம்பி அந்த இடத்திலேயே போய்விட்டான்.

"பக்கத்துல இருந்து இடிச்சாலும் காப்பாத்துற பை அந்தக் கறுப்பு வண்டியில இருக்காம்ல தம்பி. எனக்கு அது போதும். வேற என்ன இருக்கு இல்லைன்னு நான் கேக்கல."

இந்தக் கடையில் அது இல்லை அக்கா, எதிர்க்கடையில் இருக்கிறது, ஆனால் உங்கள் நம்பர் இங்கே பதிந்துவிட்டது என்று ஒரு மனுசியிடம் எப்படிச் சொல்வது? மேனேஜரிடம் போய்க் கேட்டேன். எங்கள் காரிலேயே மனசை மாற்றப் பார் என்றார். அதற்குள் கடைக்குத் திரும்பியிருந்த உனக்குப் போன் செய்தேன்.

நீ கோட்டோடு சாலையைக் கடந்து எங்கள் ஷோரூமுக்குள் வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. எங்கள் ஆட்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நீ யாரையும் பார்க்கவில்லை. அக்காவுக்கு முன்னால் வந்து நின்று, "நம்ம கடைக்கு வாங்கக்கா, வெளிய நிக்க வச்சிட்டாங்களாம்ல" என்றாய். சாலையைக் கடக்கும்போது ஒரு கையை நீட்டி பஸ்ஸை நிறுத்தினாய். உன் கடையின் பெரிய கண்ணாடிக் கதவை நீயே திறந்துபிடித்து, செருப்பைக் கழற்றப் போனவரைக் கழற்ற வேண்டாம் என்று சொன்னாயாம். பதிவை அவர் புருசனின் நம்பரில் போட்டாய். அடுத்த வாரம் அந்தக் கறுப்பு வண்டி பரவைக்குப் போனது.

இரண்டு கடைப் பதிவிலும் புருசன் பெயரும் விலாசமும் ஒத்துப்போகவே விஷயம் மேலே தெரிந்துவிட்டது. கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். முதலாளியின் அறையில் நானும் நின்றேன். கூப்பிட்டது நான்தான் என்று சொன்னேன். அது அவர்களுக்கு முக்கியமாகப் படவில்லை. எல்லை தாண்டி வந்தவன் நீ. செய்தது தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நீ குரலை உயர்த்தவே இல்லை.

"எழுதணும்னா எழுதித் தாரேன் சார். தப்புன்னு நெனைக்கச் சொல்லாதீங்க."

ரெண்டு பேரையும் அனுப்பிவிட்டால் கடையை யார் பார்ப்பது என்று முதலாளி என்னைப் பார்த்துக் கேட்டார். என்னை இருக்கச் சொன்னார். டீம் லீடராகவும் ஆக்கினார். உன்னைப் பரவைக்கு அப்பால் இருக்கும் ஸ்டாக்யார்டுக்கு மாற்றினார். லாரியில் வந்து இறங்கும் கார்களை வரிசையில் நிறுத்துவது, பேட்டரி இறங்காமல் அவ்வப்போது ஸ்டார்ட் செய்து வைப்பது, காக்கை எச்சத்தைத் துடைப்பது. இருவருக்கும் தண்டனைதான் என்பது எனக்குப் புரிய நாளானது. உன்னை வெளியே விட்டுப் பூட்டினார்கள், என்னை உள்ளே வைத்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே வருவேன். நிழல் என்று ஒரு தகரக் கொட்டகைதான். நீ கறுத்துப் போயிருந்தாய், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. கண்ணுக்கெட்டிய வரை இரண்டு பெயர்க் கார்களும் கலந்து நின்றன. "இங்கன எல்லாம் ஒட்டித்தான் நிக்குது மாப்ள. ஒண்ணை ஒண்ணு திங்கல" என்றாய். அங்கே வைத்துத்தான் அந்தத் திட்டத்தையும் சொன்னாய். அழகர்கோவில் ரோட்டில் ஓர் இடம் பார்த்திருந்தாய். எல்லாக் கம்பெனியின் பழைய கார்களையும் வாங்கி விற்கலாம், யாருக்கு எது தேவையோ அதைக் கொடுக்கலாம் என்றாய். என் மனைவியிடமும் நீயே வந்து பேசினாய். அவள் முதலில் பயந்தாள், பிறகு சம்மதித்தாள். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பியதும் இரண்டு பேரும் ஒரே நாளில் ராஜினாமாவைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். அந்த மாசி, பங்குனி முழுக்க நான் ஷோரூமில் எவ்வளவு லேசாக நடந்தேன் தெரியுமா. எதைச் சொன்னாலும் கோபம் வரவில்லை. போகப்போகிறவன் போல இருந்தேன்.

திருவிழாவுக்குக் கொடியேறும் முன்பே நீ போய்விட்டாய். வேலைக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்ததாக உன் மனைவி சொன்னாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது உனக்கு.

உன் வீட்டு வாசலில் இரண்டு ஷோரூம் ஆட்களும் அன்றைக்குச் சேர்ந்தே நின்றோம். முதலாளி பெரிய மாலை ஒன்றை அனுப்பியிருந்தார். தெருமுனையில் அந்தக் கறுப்பு வண்டி வந்து நின்றது. பேச்சியம்மாள் அக்காவே ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். இறங்கி வந்து உன் தலைமாட்டில் நின்றவர், அழாமல், உன் மனைவியிடம் சொன்னார்.

"அம்புட்டுப் பேரு பாத்துக்கிட்டு நின்னாங்கம்மா. உள்ள வாங்கன்னு கூப்பிட்டது இந்தப் புள்ள ஒருத்தந்தான்."

என் அப்பாவும் வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. பஸ் ஏறி, விசாரித்துக்கொண்டு, உன் தெருவுக்கு அவராகவே வந்தார். உன் அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது.

தனியாக அந்தப் பழைய கார் வியாபாரத்தில் இறங்க எனக்குத் தைரியம் வரவில்லை மாப்ள. வாங்கத் தெரிந்தவன் நீ, ஜனங்களிடம் பேசத் தெரிந்தவன் நீ. ராஜினாமாவை எழுதவே இல்லை. திருவிழா முடிந்த மறுநாள் வழக்கம்போல நீலச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். என் மனைவி டிபன் பாக்ஸை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. இப்போது புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூட்டி, எந்தக் கஸ்டமரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று நான்தான் வகுப்பு எடுக்கிறேன். ஒரு தடங்கலும் இல்லாமல் வருகிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பதிவு செய்யும்போது நாங்கள் முதலில் கேட்க வேண்டியவை பட்ஜெட், உத்தியோகம், குடியிருக்கும் ஏரியா. அந்த மூன்றையும் வைத்துக் கம்ப்யூட்டர் ஆளைப் பிரித்துவிடும். நீ ஒருநாளும் அப்படி ஆரம்பித்ததில்லை. வண்டியில் யார் யார் ஏறுவார்கள் என்றுதான் முதலில் கேட்பாய். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். யாரும் அறியாமல் நானும் அதைத்தான் முதலில் கேட்கிறேன். கேட்டதும் அவர்கள் முகம் மாறுகிறது. அம்மாவுக்கு முழங்கால் மடக்க முடியாது என்பார்கள், சின்னவள் மலைப்பாதையில் வாந்தி எடுப்பாள் என்பார்கள். கொஞ்ச நேரத்துக்கு அவர்கள் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை. நானும் இல்லை.

இன்று மத்தியானம் ஒரு பெரியவர் வந்தார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யார் யார் ஏறுவாங்க சார் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"யாரும் இல்லப்பா. நான் மட்டுந்தான்."

இதற்கு நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியவில்லை. எதிரில் இருந்த நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், கஸ்டமர் காத்திருக்கிறார் என்று. இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். அவர் பேசத் தொடங்கியிருந்தார் மாப்ள. நான் எழுந்து போகவில்லை.