பட்டாணி கடித்த கை

தோசை ஆறிப்போனதில் தொடங்கிய சண்டையில் ஸ்டான்லி மனைவி ரெஜினா மேல் கை ஓங்கினான். கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படிச் செய்ததில்லை. அந்தக் கையை அவர்கள் வீட்டு நாய் பட்டாணி கடித்ததுதான் அவளை இன்னும் திகைக்க வைத்தது. அந்தக் குட்டிப் பொமரேனியன் அவன் மடியிலேயே வளர்ந்தது. வேறு யார் வைத்தாலும் சோறு தின்னாது.

அவன் கதவை அறைந்துவிட்டு வெளியே போனதும், ரெஜினா அவனுக்குச் சீட்டு எழுதினாள்.

“குக்கர்ல சோறு கீது. காயத்த சோப்பு போட்டுக் கழுவு. பட்டாணிக்குத் தடுப்பூசி போட்டாச்சு, ஆனாலும் நீ கேளம்பாக்கம் ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கோ. நானும் அதுவும் கருங்குழிக்கு, எங்கம்மா வூட்டுக்குப் போறோம்.”

நாயைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து சீட்டின் அடியில் நெருக்கி எழுதினாள்.

“நாய் கடிச்சிச்சினு டாக்டர்கிட்ட சொல்லுவல்ல, ஏன் கடிச்சிச்சினும் சேர்த்துச் சொல்லு.”